டர்பனில் சிறுநீரகம் செயலிழந்தால்: இயந்திரமா, வயிற்றுவழியா, மாற்றுச் சிறுநீரகமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு குடும்பத்தில் யாருக்காவது சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னால், வீட்டில் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் ‘வாரத்துக்கு எத்தனை நாள் மிஷின்?’ என்பதுதான். இயந்திரம் மட்டுமே வழி என்றும், அது கேட்டால் கிடைக்கும் என்றும் அந்தக் கேள்வி எண்ணிக்கொள்கிறது. இரண்டுமே சரியல்ல. நான்கு வழிகள் இருக்கின்றன: இயந்திரத்தின் மூலம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ், வயிற்றுவழியே செய்யும் டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம், டயாலிசிஸே இல்லாமல் வீட்டில் பார்த்துக்கொள்வது. அரசு மருத்துவமனையை நம்பியிருப்பவருக்கு அவற்றுள் எது திறந்திருக்கும் என்பதை நான்கில் ஒன்றே பெரிதும் தீர்மானிக்கிறது.

முதலில் நோயின் நிலையைப் பார்க்க வேண்டும். சிறுநீரகங்கள் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் இரத்தத்தை வடிகட்டித் தூய்மை செய்கின்றன என்பதைக் காட்டும் ஜிஎஃப்ஆர் அளவு 15க்குக் கீழே இறங்கினால் அதைச் செயலிழப்பு என்கிறார்கள். நம் சமூகத்தில் இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை நீண்டகால நீரிழிவும் கட்டுப்படாத இரத்த அழுத்தமும் ஆகும். எனினும் 15ஐத் தொட்ட அன்றே டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்பதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வு, 10க்கும் 14க்கும் இடையில் முன்கூட்டியே தொடங்கியவர்கள், 5 முதல் 7 வரை காத்திருந்தவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை என்று காட்டியது. மூச்சுத்திணறல், ஓயாத குமட்டல், இரத்தத்தில் மருந்துக்கு அடங்காமல் ஏறும் பொட்டாசியம் ஆகியவையே தொடங்கும் வேளையைச் சொல்லும் அறிகுறிகள். இரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் எண் மட்டும் அதைச் சொல்லாது.

இனி, வழிகளை ஒப்பிடுவதற்கு முன் டர்பனில் அவற்றின் மேல் கவிந்திருக்கும் ஒரு தீர்ப்பைச் சொல்லியாக வேண்டும். 1997 நவம்பரில் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் சூப்ரமணி வழக்கில் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் 41 வயதான, வேலையிழந்த, டர்பன்வாசி. நீரிழிவும் இதயநோயும் இருந்தன; 1996இல் பக்கவாதமும் வந்திருந்தது. தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொண்டு கையிருப்பெல்லாம் கரைந்த பிறகு, கடற்கரையோரத்து அடிங்டன் அரசு மருத்துவமனையை அணுகினார். இடமில்லை என்று மறுக்கப்பட்டது. அங்கே இருந்தவை 20 இயந்திரங்கள். ஒருவருக்கு நான்கு மணி நேரச் சிகிச்சை, அதன்பின் இயந்திரத்தைத் தூய்மை செய்ய இரண்டு மணி நேரம். ஆகவே, மாற்றுச் சிறுநீரக அறுவைக்குத் தகுதியானவர்களுக்கே தொடர் டயாலிசிஸ் என்ற விதியை மருத்துவமனை கடைப்பிடித்தது. இதயமும் இரத்தநாளங்களும் பெரிதும் கெட்டிருந்தால் அந்தத் தகுதி கிடையாது. ‘அவசர மருத்துவ உதவியை யாருக்கும் மறுக்கலாகாது’ என்னும் அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு, நாள்பட்ட நோய்க்கான தொடர் சிகிச்சைக்குப் பொருந்தாது என்று நீதிபதிகள் ஒருமனதாக முடிவு செய்தார்கள். தீர்ப்புக்குப் பின் விரைவிலேயே அவர் காலமானார்.

அந்தத் தீர்ப்பைக் கொடுமை என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. 20 இயந்திரங்களை வைத்துக்கொண்டு வேறு எந்த விதியை எழுதியிருந்தாலும் யாரோ ஒருவர் வெளியே நின்றிருப்பார். ஆனால் அதிலிருந்து நோயாளி புரிந்துகொள்ள வேண்டியது தெளிவானது. அரசு மருத்துவமனையில் டயாலிசிஸும் மாற்றுச் சிறுநீரகமும் ஒன்றுக்கு எதிராக ஒன்று நிற்பவை அல்ல. இரண்டாவதற்குத் தகுதி இருந்தால்தான் முதலாவதன் கதவு திறக்கும். மெடிக்கல் எய்ட் என்னும் தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கும் இது முழுக்க வேறு கதை அன்று. அந்தக் காப்பீடுகள் சட்டப்படி தந்தே ஆக வேண்டிய கட்டாயக் குறைந்தபட்சப் பலன்களில் டயாலிசிஸ் இடம்பெற்றிருந்தாலும், சுகாதாரத் துறையின் தகுதி வரையறைகளோடு அது பிணைக்கப்பட்டிருக்கிறது.

இந்தப் பின்னணியில் இரத்தவழி டயாலிசிஸையும் வயிற்றுவழி டயாலிசிஸையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். முன்னதில் கையில் ஒரு தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கிய ஃபிஸ்டுலாவில் இரண்டு ஊசிகள் குத்தி, இரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்புகிறார்கள். வழக்கமாக வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம். பின்னதில் குடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வே வடிகட்டியாக வேலை செய்கிறது. வயிற்றில் பொருத்திய குழாய் வழியே சுமார் இரண்டு லிட்டர் திரவத்தை விட்டு, சில மணி நேரம் கழித்து வடித்துவிட்டுப் புதியதை நிரப்ப வேண்டும். நாளுக்கு நான்கு தடவை, வீட்டிலேயே. உயிர்வாழும் காலத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதே பல நாடுகளின் அனுபவம். அப்படியிருந்தும் நம் வீடுகளில் வயிற்றுவழி டயாலிசிஸை ‘மிஷின் கிடைக்காதவர்களுக்குக் கொடுப்பது’ என்று தாழ்வாகப் பேசுகிறார்கள். இந்தப் பேச்சில் நியாயம் இல்லை.

உடலுக்கு எது மென்மையானது என்று கேட்டால் வயிற்றுவழியே. அது நாள் முழுவதும் மெதுவாக நடப்பதால் இரத்த அழுத்தம் திடீரென்று சரிவதில்லை. எஞ்சியிருக்கும் சிறுநீரும் முதல் சில ஆண்டுகளுக்கு நன்றாகக் காக்கப்படுகிறது. இயந்திரத்தில் இருப்பவருக்கோ இரண்டு நாள் நீர் ஒரே வேளையில் இறக்கப்படுகிறது. வீடு திரும்பும்போது எழுந்து நிற்க முடியாத களைப்பு. வார இறுதியின் நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் நாள் இதயத்துக்கு ஆபத்தான நாள் என்பதும் அறியப்பட்டதே.

சாப்பாட்டிலும் இரண்டும் வெவ்வேறு கட்டுப்பாடுகளைக் கேட்கின்றன. இயந்திரத்தில் இருப்பவருக்கு பொட்டாசியம்தான் எதிரி: மடும்பிக் கிழங்கு (சேப்பங்கிழங்கு), உருளைக்கிழங்கு, தக்காளிச் சட்னி, வாழைப்பழம், பருப்பு எல்லாம் அளவோடு. உப்பைக் குறைக்கிறோம் என்று கடையில் வாங்கும் ‘குறைந்த சோடிய’ உப்பு பல வேளைகளில் பொட்டாசியம் குளோரைடே என்பதால் அது இன்னும் மோசம். வயிற்றுவழியில் பொட்டாசியக் கட்டுப்பாடு பெரும்பாலும் தளர்கிறது. ஆனால் வடியும் திரவத்தோடு புரதமும் போய்விடுகிறது. புரட்டாசி முழுக்க மரக்கறி மட்டும் உண்ணும் குடும்பங்கள் இதைப் பற்றி உணவு ஆலோசகரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. மேலும் அந்தத் திரவத்தில் குளுக்கோஸ் இருப்பதால், நீரிழிவு உள்ளவருக்கு இன்சுலின் அளவு கூடலாம், எடையும் ஏறலாம். குளுக்கோஸுக்குப் பதிலாக ஐகோடெக்ஸ்ட்ரின் கலந்த திரவம் கொடுக்கப்பட்டால், சில வகை விரல்நுனிச் சர்க்கரைமானிகள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி இன்சுலினை ஏற்றினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடும். மானியை மாற்ற வேண்டுமா என்று செவிலியரிடம் கேட்டே ஆக வேண்டும்.

வயிற்றுவழியின் பெரிய குறை தொற்று. வடிந்த திரவம் கலங்கலாக இருந்தால் மறுநாள் வரை காத்திருக்கலாகாது. திரும்பத் திரும்பத் தொற்று வந்தால் சவ்வு கெட்டு இயந்திரத்துக்கே மாற நேரும். தொற்றே வராவிட்டாலும் சில ஆண்டுகளில் சவ்வின் திறன் குறைவதுண்டு. கை கழுவ ஓடும் நீர், கதவு சாத்தக்கூடிய ஓர் அறை, திரவப் பெட்டிகளை அடுக்க இடம் ஆகியவை தேவை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, அவ்வூரார் பல மாதங்கள் குழாய்நீர் இல்லாமல் இருந்ததை நினைத்துப் பார்த்தால், இது சிறிய நிபந்தனை அல்ல என்பது விளங்கும். ஆயினும் குழாய்நீர் நின்றுபோன ஊரில் இயந்திரமும் தடுமாறும். ஒரு முறைக்கே ஏறத்தாழ 120 லிட்டர் தூய்மையான கரைசல் அதற்குத் தேவை. மின்வெட்டில் மட்டும் கையால் செய்யும் வயிற்றுவழி முறைக்குக் கவலையில்லை. திரவம் தானாகவே இறங்கி வடியும். இரவில் இயந்திரம் வைத்துச் செய்யும் தானியங்கி வகைக்கு அந்தச் சலுகை கிடையாது.

என் கணிப்பு இது: வேலைக்குப் போகிறவர், மருத்துவமனைக்குத் தொலைவில் இருப்பவர், சிறுநீர் இன்னும் ஓரளவு போகிறவர் ஆகியோர் வயிற்றுவழியில் தொடங்கலாம். கண்பார்வை மங்கி உதவிக்கு ஆளில்லாதவர், வயிற்றில் பெரிய அறுவைகள் நடந்தவர், ஒரே அறையில் பலர் வாழும் வீட்டில் இருப்பவர் ஆகியோருக்கு இயந்திரமே பாதுகாப்பு. ஃபிஸ்டுலா முதிர ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும் என்பதால், ஃபிஸ்டுலா வைக்கப்போகும், அதிகம் பழகாத கையில் ஊசி குத்தவும் அழுத்தம் பார்க்கவும் முன்கூட்டியே மறுத்துவிட வேண்டும்.

மாற்றுச் சிறுநீரகம் இவ்விரண்டையும்விட நீண்ட வாழ்வைத் தருகிறது. உயிருள்ளவர் தந்தது சராசரியாக 15 முதல் 20 ஆண்டுகள் வரை உழைக்கும், இறந்தவருடையது சற்றுக் குறைவாக. பழைய சிறுநீரகங்களை வழக்கமாக எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வைக்கிறார்கள். விலை என்னவென்றால், எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகள், ஒருநாளும் தவறாமல். அவற்றுள் ஒன்றான டாக்ரோலிமஸ் எடுப்பவர் கிரேப்ஃப்ரூட்டைத் தொடலாகாது. அந்த மருந்தே புதிதாக நீரிழிவைக் கொண்டுவரவும் கூடும். தைப்பூசத்தில் அலகு குத்திக் காவடி எடுப்பதையும் இவர்கள் விட்டுவிட வேண்டும். பால்குடம் எடுப்பதே போதும்.

தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் உறுப்புக்குப் பணம் வாங்குவது குற்றம். உறவினரல்லாத உயிருள்ளவர் தர வேண்டுமானால் அமைச்சரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். டர்பனின் ஒரு தனியார் மருத்துவமனையில் 2001 முதல் 2003 வரை நடந்த சட்டவிரோத அறுவைகள் 2010இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட பிறகு இந்த நடைமுறை கடுமையாகவே பார்க்கப்படுகிறது. தம்பியோ அக்காவோ தர முன்வந்தால், ஜிஎஃப்ஆர் 20ஐ நெருங்கும்போதே பரிசோதனைகளைத் தொடங்கலாம். டயாலிசிஸையே தொடாமல் நேரே அறுவைக்குப் போன நோயாளிகள் உண்டு, அவர்களுக்கு விளைவும் நன்றாக இருக்கிறது.

நான்காவது வழியைப் பற்றி நம்மவர்கள் பேசுவதே இல்லை. எண்பதைத் தாண்டி, இதயமும் தளர்ந்து, படுக்கையை விட்டு அதிகம் எழாத தாத்தாவுக்கு டயாலிசிஸ் கூட்டித் தரும் காலம் மிகக் குறைவாக இருக்கலாம். அதிலும் பாதி மருத்துவமனை நாற்காலியில் போய்விடும். அவருக்கு நீரிறக்க மாத்திரை, இரத்தசோகைக்கு ஊசி, அரிப்புக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து, வலிக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்காத நிவாரணி ஆகியவற்றைத் தந்து வீட்டிலேயே பார்த்துக்கொள்வதும் முறையான சிகிச்சையே. அதைத் தேர்ந்தெடுத்த குடும்பம், வலிநிவாரணத்துக்கு யாரை அழைப்பது என்பதையும், இரவில் மூச்சு முட்டினால் என்ன மாத்திரை கொடுப்பது என்பதையும் மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்திருக்க வேண்டும்.