13 வார ஒப்பந்தமா, நிரந்தர வேலையா?

அமெரிக்காவில் டிராவல் நர்ஸ் என்றால் பெரும்பாலும் 13 வார ஒப்பந்தம். முடிந்ததும் அடுத்த ஊர், அடுத்த மருத்துவமனை. கீழக்கரை, தொண்டிப் பக்கத்திலிருந்து அப்படிப் போனவர் ஊர் திரும்ப நினைத்தால் முதலில் இடிப்பது சம்பளம்தான். இங்கே எந்த வேலையும் அதற்கு ஈடாகாது. தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. மூலம் அரசுப் பணிக்கு வந்தாலும் தொடக்கத்தில் தொகுப்பூதியம்தான், அதாவது மாதம் ஒரு குறிப்பிட்ட தொகை மட்டும். படிகள் சேர்ந்த முறையான காலமுறை ஊதியத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

ஆனால் வேலையின் கனம் வேறு. ஒப்பந்த நர்ஸ், வார்டு பிடிபடும் நேரத்தில் கிளம்பிவிடுவார். ராமேஸ்வரத்தில் நிலையாக இருப்பவரோ, திருக்கை மீனின் நச்சு முள் குத்திய காலோடு ஒருவர் வந்ததும் பொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் அந்தக் காலை முக்கி வைப்பார். ஏறத்தாழ 45 டிகிரி. தோல் வெந்துவிடாதபடி தன் கையை விட்டுப் பார்ப்பார். வலி இறங்கும். "அண்ணே, முள் உள்ளே ஒடிஞ்சிருக்கா?" என்று கேட்டபடியே காயத்தைக் கழுவுவார். அந்த அண்ணன் சர்க்கரை மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதும் அவருக்கு நினைவிருக்கும். இந்தப் பழக்கம் 13 வாரத்தில் வராது.

கடன் இருந்தால் இன்னும் ஓரிரு ஒப்பந்தம் முடித்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் நிரந்தர வேலைதான் நல்லது என்பேன். தனியார் மருத்துவமனை என்றால் மட்டும், பி.எஃப்., இரவுப்பணி விவரங்களைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.