ரெண்டே நாள்ல போயிடும்

ராத்திரி பத்து மணிக்கும் மெடிக்கல் ஷாப் திறந்திருக்கிற ஊர் கும்பகோணம். லண்டனிலிருந்து கத்திரி வெயிலில் எட்டு மாதக் குழந்தையோடு வந்து இறங்குகிறவர்களுக்கு அந்த டியூப்லைட் வெளிச்சத்தைப் பார்த்தாலே பாதி பயம் போய்விடும். அங்கே காலை எட்டு மணிக்கு ஜிபி என்கிற குடும்ப டாக்டருக்குப் போன் போட்டு, வரிசையில் இத்தனையாவது ஆள் என்ற ரெக்கார்டிங்கைக் கேட்டுக்கொண்டே பால் புட்டி கழுவி முடித்து, கடைசியில் "இன்றைக்கு இடம் இல்லை, நாளைக்குக் கூப்பிடுங்கள்" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நாம்.

"தம்பி, குழந்தைக்குக் கன்னத்திலயும் முழங்கை மடிப்புலயும் கரப்பான், அதான் எக்ஸிமா மாதிரி..."

வாக்கியம் முடியவில்லை. கை கண்ணாடிப் பெட்டிக்குள் போனது, முன் வரிசையிலிருந்து ஒரு ட்யூப் வந்தது. "தடவுங்கக்கா, ரெண்டே நாள்ல போயிடும்." குழந்தைக்கு என்ன வயசு என்று கேட்கவில்லை. சீட்டும் கேட்கவில்லை. மொத்தம் 40 வினாடி. விலை லண்டனில் ஒரு காபிக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.

பத்து நாள் பயணத்தில் எத்தனையோ நல்லபடியாக நடந்தது. ரயில் நேரத்துக்கு வந்தது, மொட்டையும் காதுகுத்தும் குறையில்லாமல் முடிந்தன. எழுத உட்கார்ந்தால் இந்த ட்யூப்தான் கண் முன்னால் நிற்கிறது.

அட்டையின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருந்தது இது: க்ளோபெட்டசால் ப்ரோப்பியனேட் 0.05%, ஆஃப்லோக்சசின், ஆர்னிடசோல், டெர்பினாஃபின். முதலாவது ஸ்டீராய்டு, அதுவும் தோலுக்குத் தடவுகிற ஸ்டீராய்டுகளிலேயே உச்சப் பிரிவு. அடுத்த இரண்டும் கிருமிக்கு, கடைசியானது படர்தாமரைக்கு. சொறியோ, சிரங்கோ, படர்தாமரையோ, கரப்பானோ, ஏதோ ஒன்றில் பட்டுத் தொலையட்டும் என்று குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த மாதிரி ஒரு கலவை. குழந்தைக் கரப்பானுக்குப் பூஞ்சை மருந்தும் வேண்டாம், சீழ் வைக்காதவரை ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம். மிஞ்சுவது க்ளோபெட்டசால். பிரிட்டனில் அதன் கைச்சீட்டிலேயே ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கூடவே கூடாது என்று போட்டிருக்கும். பெரியவர்களுக்கே வாரம் 50 கிராமுக்கு மேல் போகாமல், தொடர்ந்து நாலு வாரத்தோடு நிறுத்தச் சொல்வார்கள்.

கடைப் பையன் பொய் சொல்லவில்லை. ரெண்டே நாளில் போய்விடும். ஸ்டீராய்டு ரத்தக்குழாய்களைச் சுருக்கி அழற்சியை அமுக்கிவிடும். சிவப்பு வெளுத்து, அரிப்பு நின்று, குழந்தை அன்றைக்கு அசந்து தூங்கும். நிறுத்தினால் முன்பைவிடச் சிவந்து திரும்பி வரும். மறுபடி அதே ட்யூப். இப்படி ஒன்றிரண்டு மாதம் ஓடினால் கன்னத்துத் தோல் மெலிந்து, நூல் நூலாக ரத்தக்குழாய் தெரியும், நிறம் வெளிறும். எடைக்கு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல் பரப்பு அதிகம், அதனால் பூசியதில் ரத்தத்துக்குள் போகிற பங்கும் அதிகம். டயப்பருக்கு அடியில் தடவினால் பிளாஸ்டிக் கட்டுப் போட்ட மாதிரி இன்னும் உறிஞ்சும். உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கிற அட்ரினல் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளும், முகம் உப்பி உருண்டையாகும். "தாத்தா ஊருக்கு வந்ததும் எப்படிக் கொழுகொழுன்னு ஆயிட்டான் பாரு" என்று வீடே பூரிக்கும். கொடுமை அதுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. தோலில் தடவும் ஸ்டீராய்டுகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 மருந்துகளை ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. தோல் மருத்துவர்கள் சங்கம் வருஷக்கணக்கில் கத்தியதன் பலன் அது. அந்த எச்சரிக்கை அதே அட்டையில், அதே எறும்பு எழுத்தில் இருக்கிறது. பிரிட்டனில் பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு என்றால், ஸ்டீராய்டுகளிலேயே சாதுவான ஹைட்ரோகார்டிசோன் 1 சதவீதத்தைக்கூட மருந்துக்கடைக்காரர் சீட்டில்லாமல் எடுத்து நீட்ட மாட்டார். அங்கே கெஞ்சினாலும் கிடைக்காதது, இங்கே கேட்டு முடிப்பதற்குள் கையில். எது மேல் என்று கேட்டால் பதில் சொல்ல நாக்கு தடுமாறுகிறது. எட்டு மணிப் போன் வரிசையை நினைத்தால் இந்தப் பையன் தெய்வமாகத் தெரிகிறான்; அட்டையைத் திருப்பினால் வயிறு கலங்குகிறது.

இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டே விஷம் என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு, அதுவும் தப்பு. சாதுவான வகையை, சரியான அளவில், சரியான நாள் வரை தடவினால் தோல் மெலியாது. பயந்துபோய்த் தொட்டுத் தொட்டு வைத்தால் கரப்பான் அடங்காது, மாதக்கணக்கில் இழுக்கும். அளவுக்குப் பெரியவர் ஆள்காட்டி விரல்தான் கணக்கு. நுனியிலிருந்து முதல் ரேகை வரை ட்யூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கை (விரல்களையும் சேர்த்து) அளவு இடத்துக்கு அது போதும். மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்கு முகமும் கழுத்தும் முழுக்கப் பூச 1 கோடு, ஒரு கைக்கு 1, ஒரு காலுக்கு ஒன்றரை. ஒரு வயது தாண்டினால் முகத்துக்கு ஒன்றரை, கைக்கு ஒன்றரை, காலுக்கு 2. இது முழு இடமும் சிவந்திருந்தால். மடிப்பில் மட்டும் என்றால் அதில் ஒரு துளி. சிவந்து சொரசொரத்த இடத்தில் மட்டும், டாக்டர் சொன்னபடி நாளுக்கு ஒன்றிரண்டு வேளை. அடங்கிய பிறகும் 48 மணி நேரம் தடவிவிட்டு நிறுத்துவது வழக்கம். மாய்ஸ்ச்சரைசரோடு குழைத்துப் பூசினால் இரண்டும் நீர்த்துப் போகும். நடுவில் அரை மணி விடுங்கள்.

அங்கிருந்து நாம் தூக்கி வருகிற டப்பாவுக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டும். வெள்ளை பாரஃபினும் திரவ பாரஃபினும் பாதிக்குப் பாதி கலந்த ஆயின்ட்மென்ட், ஜனவரி மாதத்து லண்டனில் ஹீட்டர் காற்றில் காய்ந்த கன்னத்துக்கு அமிர்தம். மே மாதக் கும்பகோணத்தில் அதையே அப்பினால் வியர்வைத் துவாரம் அடைத்து, கரப்பானுக்கு மேல் வேர்க்குருவும் மயிர்க்கால் கொப்புளமும் கிளம்பும். பகலுக்கு லோஷன் அல்லது க்ரீம், ராத்திரி ஃபேனடியில் தூங்கும்போது வேண்டுமானால் ஆயின்ட்மென்ட் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். தேய்க்கக் கூடாது, முடி வளரும் திசையில் மேலிருந்து கீழே நீவி விடுவது போதும். டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான ஸ்பூனால் எடுங்கள், இல்லாவிட்டால் கிருமி அதிலேயே குடியிருக்கும்.

உடம்பு முழுக்கக் காய்ந்த குழந்தைக்கு வாரம் 250 கிராமாவது மாய்ஸ்ச்சரைசர் செல்லும். இங்கே விற்கிற 100 கிராம் ட்யூப் மூன்று நாளைக்கு வராது. ஒரே ட்யூபை ஒரு மாதம் வைத்திருக்கிறோம் என்று சிக்கனம் பேசுகிற வீட்டில் கரப்பான் போகவில்லை என்றால் ஆச்சரியமில்லை. வியர்வையை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி லேசாகப் பூசுங்கள். டால்கம் பவுடர் கொட்டினால் மடிப்பில் கட்டிகட்டியாக நின்று உறுத்தும், மூச்சிலும் போகும்.

குளியலுக்கு வருவோம். பாட்டி முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு ஊற்றுகிற அழகுக்கு எந்த பேபி பாத் டப்பும் ஈடில்லை. ஆனால் ஆவி பறக்கிற வெந்நீர், பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள், கடைசியில் சாம்பிராணிப் புகை, இந்த நாலும் சேர்ந்தால் கரப்பான் பிள்ளை தாங்காது. வெந்நீர் அரிப்பைக் கிளப்பும்; கை வைத்தால் சூடே தெரியாத பதம் போதும், ஐந்து முதல் பத்து நிமிஷத்துக்குள் முடியட்டும். மாவு எவ்வளவு நைசாக அரைத்தாலும் வெடித்த தோலில் உப்புத்தாள்தான். அதிலுள்ள பயறு, கடலைப் புரதம் உடைந்த தோல் வழியாக உள்ளே போய் உணவு ஒவ்வாமைக்கு வழி போடவும் கூடும். வேர்க்கடலை எண்ணெய் கலந்த களிம்பு பூசிய குழந்தைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை கூடுதலாக இருந்ததை 2003-ல் பிரிட்டனில் கவனித்தார்கள். புகை, வீசிங் பரம்பரை உள்ள வீட்டில் தனி வம்பு. துண்டால் துடைக்காமல் ஒற்றி எடுத்து, மூன்று நிமிஷத்துக்குள், ஈரம் முழுக்கக் காய்வதற்குள் மாய்ஸ்ச்சரைசர் பூச வேண்டும். போர் தண்ணீர் உப்பு என்று புலம்புகிறவர்கள் லண்டன் கெட்டிலின் அடியில் படிந்த வெள்ளைச் சுண்ணாம்பைப் பார்க்கட்டும். உப்புத் தண்ணீரில் சோப்பு போட்டால் படிவு தோலிலேயே நிற்கும், ஆக முதலில் நிறுத்த வேண்டியது சோப்பைத்தான்.

பாட்டி ஜெயித்த இடமும் ஒன்று உண்டு. தேங்காய் எண்ணெய். லேசான, நடுத்தரக் கரப்பான் உள்ள பிள்ளைகளுக்கு வெர்ஜின் தேங்காய் எண்ணெயையும் மினரல் ஆயிலையும் எட்டு வாரம் பூசிப் பார்த்த பிலிப்பைன்ஸ் ஆய்வு 2014-ல் வந்தது. தேங்காய் எண்ணெய்தான் முந்தியது. கற்பூரமோ வாசனையோ சேர்க்காத செக்கு எண்ணெயாக இருக்கட்டும், தோல் வெடித்து நீர் கசியாத நாளாக இருக்கட்டும். நாம் பெருமையாகக் கொண்டு வந்து கொடுக்கிற ஆலிவ் எண்ணெயோ, அதிலுள்ள ஒலெயிக் அமிலத்தால் தோலின் காப்பு அடுக்கையே குலைக்கிறது. அதை சமையலறைக்கு அனுப்பிவிடலாம்.

மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசுவதானால் கட்டையில் உரசியது நல்லது. பாக்கெட் பொடியில் வாசனை கலந்திருக்கலாம். எதுவானாலும் சிவந்த இடத்தைத் தவிர்த்து, காய்ந்து இறுகுவதற்குள் கழுவிவிடுங்கள். ஜரிகைப் பட்டுப் பாவாடைக்கு அடியில் பழைய பருத்திச் சட்டை. இடுப்புக் கயிறு குளித்தபின் ஈரமாகவே கிடந்தால் அதைச் சுற்றி வட்டமாகப் புண்ணாகும். உலர்ந்த கயிறாக மாற்ற வேண்டும், அல்லது கழற்றி சாமி படத்தடியில் வைக்க வேண்டும்.

பால் கொடுக்கிற தாய்க்குக் கத்தரிக்காயும் கருவாடும் "கரப்பான் பண்டம்" என்று தட்டிலிருந்து பறிபோகும். ஊருக்கு வந்ததே கருவாட்டுக் குழம்புக்காக என்கிறவர்களுக்கு இது பெரிய தண்டனை, அதுவும் காரணமில்லாத தண்டனை. ஒரு பொருளைச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி என்று கண்ணில் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லலாம். ஊகத்துக்குப் பத்தியம் இருக்க வேண்டாம். குழந்தைக்கு வேர்க்கடலையைத் தள்ளிப் போடுவதும் காப்பாற்றாது. கரப்பான் கடுமையாக உள்ள குழந்தைகளுக்கு முதல் வயதுக்குள்ளேயே கொடுக்க ஆரம்பித்தால் ஒவ்வாமை வெகுவாகக் குறைகிறது என்று 2015-ல் வந்த லண்டன் ஆய்வு காட்டியது. அப்படிப்பட்ட குழந்தைக்கு முதல் முறை மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு, அரைத்த விழுதாக. முழுக் கடலை தொண்டையில் அடைக்கும்.

பத்தியத்தைவிடக் கவலைப்பட வேண்டியது உறவுக்காரர்களின் முத்தம். உதட்டில் காய்ச்சல் கொப்புளம் உள்ளவர் கரப்பான் கன்னத்தில் முத்தம் கொடுத்தால் ஹெர்பீஸ் வைரஸ் பரவும். காய்ச்சலோடு, ஒரே அளவில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம், உடைந்தால் குத்தி எடுத்த மாதிரிக் குழி. பெரியவர்கள் பார்த்ததும் "அம்மை போட்டிருக்கு" என்று வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஏசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தைத் தொடங்க வேண்டிய அவசரம் அது. கண்ணருகில் என்றால் மணிக்கணக்கு. தேன் நிறப் பொருக்கும் கசிவும் வந்தால் பாக்டீரியா, அதற்கும் டாக்டர். ராத்திரியில் வீட்டில் எல்லாருக்கும் அரிக்கிறது, குழந்தையின் உள்ளங்கை உள்ளங்காலிலும் பொரிப்பொரியாக இருக்கிறது என்றால் அது கரப்பானே இல்லை, சிரங்கு. பெர்மெத்ரின் 5 சதவீதம், டாக்டர் சொல்லும் முறைப்படி வீட்டார் அத்தனை பேருக்கும் ஒரே நாளில். அந்தக் கலவை ட்யூபைத் தடவியிருந்தால் சிரங்கும் மறைந்துகொண்டு பரவும்.

மறுநாள் சாயந்திரம் ஸ்கின் டாக்டர். காலையில் போன், சாயந்திரம் டோக்கன். லண்டனில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். வீட்டில் யாருக்காவது வீசிங் உண்டா, வேறு யாருக்காவது அரிக்கிறதா, நேற்று ஏதாவது தடவினீர்களா என்று மூன்று கேள்வி. டெசோனைடு 0.05% க்ரீம் (சாதுவான ஸ்டீராய்டு), ஐந்து நாள், முகத்துக்கு மெல்லிசாக. மாய்ஸ்ச்சரைசர் நாளுக்கு மூன்று வேளை. அதைத் தமிழிலேயே சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சாதுவான க்ரீமுக்கு மூன்று கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. "அதெல்லாம் மூவ் ஆகாதுக்கா, ஆர்டர் போட்டுத்தான் தருவோம்." நாலாவது கடையில் கிடைத்தது. முதல் கடைப் பையன், பிரிக்காத ட்யூபை முகம் சுளிக்காமல் திரும்ப வாங்கிக்கொண்டான். காசுக்குப் பதில் பாராசிட்டமால் சொட்டு மருந்தும் பஞ்சு உருண்டையும் கொடுத்தான். ட்யூபைத் துடைத்து, கண்ணாடிப் பெட்டியின் முன் வரிசையிலேயே அடுக்கினான்.