டிரெய்லருக்கு ஏர் பிரேக்: பொருத்தி ஓட்டியதில் தெரிந்தது

நம்ம டெல்டா சமதரைதானே, டிராக்டர் டிரெய்லருக்கு எதற்குத் தனியாக பிரேக் என்று பலர் கேட்கிறார்கள். தரை சமம்தான். ஆனால் வெண்ணாறு, வெட்டாறு, கோரையாறு, அதுபோக எத்தனை வாய்க்கால், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பாலம், ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு இறக்கம். கொள்முதல் நிலையத்துக்குப் போகிற நெல் மூட்டை 40 கிலோ. நூறு மூட்டை ஏற்றினால் 4 டன், டிரெய்லரின் சொந்த எடை தனி. முன்னால் இழுக்கிற 45, 50 எச்பி டிராக்டர் ஏறக்குறைய 2 டன்தான், அதிலும் சாதாரண டூ வீல் டிரைவ் வண்டியில் பிரேக் பிடிப்பது பின்சக்கரம் இரண்டும் மட்டும். இறக்கத்தில் பெடலை மிதித்தால் டிராக்டர் நிற்கப் பார்க்கும், டிரெய்லர் நிற்காது, பின்னாலிருந்து தள்ளும். கொஞ்சம் வளைவாக இருந்துவிட்டால் கொக்கியை மையமாக வைத்து வண்டியையே மடக்கிவிடும். சம்பா அறுவடையில் வயலிலிருந்து டயரோடு வந்த களிமண் ரோட்டில் அப்பிக் கிடக்கும்போது, மேலே ஒரு தூறல் விழுந்தால் இன்னும் மோசம்.

யூடியூபில் அமெரிக்காக்காரர்கள் பிக்கப்பில் வைத்திருக்கும் பிரேக் கண்ட்ரோலரைப் பார்த்துவிட்டு அதை வாங்கலாமா என்று என் தம்பி மகன் கேட்டான். நல்ல சாமான்தான். இரண்டு வகை இருக்கிறது: ஒன்று, பெடலை மிதித்ததும் நாம் முன்கூட்டி வைத்த அளவு கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக டிரெய்லருக்கு அனுப்பும். இன்னொன்று, வண்டியின் வேகம் எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்று உள்ளே இருக்கும் சென்சார் வழியாகப் பார்த்து அதற்கேற்ற அளவு அனுப்பும். இரண்டாவதுதான் மேல், நிதானமாக மிதித்தால் நிதானமாகப் பிடிக்கும், அவசரமாக மிதித்தால் அழுத்தமாகப் பிடிக்கும். ஆனால் அதெல்லாம் பிரேக் டிரம்முக்குள் மின்காந்தம் வைத்த டிரெய்லருக்கு. இங்கே பட்டறையில் அடிக்கிற டிரெய்லரில் அந்தக் காந்தம் கிடையாது, அதனால் அந்தப் பெட்டியை மட்டும் வாங்கி வந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் அளவாகப் பிடிக்க வேண்டும் என்கிற விஷயம் நமக்கும் அப்படியே பொருந்தும், எதை வாங்கினாலும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நமக்குத் தோதாக மூன்று வழி உண்டு. டிரெய்லர் முன்னால் தள்ளும் வேகத்திலேயே கொக்கிப் பகுதி உள்ளே நகர்ந்து பிரேக்கை அழுத்துவது ஒன்று. மலிவு, டிராக்டரில் கை வைக்க வேண்டாம். ஆனால் ரிவர்ஸ் எடுத்தாலும் அது தள்ளுவதாகவே நினைத்து பிடித்துக்கொள்ளும், ஒவ்வொரு தடவையும் இறங்கிப் போய் லாக் போட வேண்டும். கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நின்று, இருக்கிற இடத்துக்குள் வண்டியைப் பின்னால் தள்ளித் தள்ளி ஒதுக்கியவர்களுக்கு இது எவ்வளவு தொல்லை என்று தெரியும். ரிவர்ஸில் தானாக விடுகிற ஆக்சிலும் இருக்கிறது, அது இல்லாவிட்டால் இந்த வகை வேண்டாம். டிராக்டரின் ஆயில் அழுத்தத்தை டிரெய்லர் பிரேக்குக்கு அனுப்புகிற ஹைட்ராலிக் வால்வு இரண்டாவது. டிராக்டரின் பிரேக்கே ஆயில் அழுத்தத்தில் இயங்கினால்தான் அது சுலபம், நம்மூரில் ஓடுகிற நிறைய வண்டிகளில் பெடலிலிருந்து பிரேக்குக்குப் போவது இரும்பு ராடு. கடைக்குப் போகும் முன் குனிந்து பார்த்துவிடுங்கள்.

என் வண்டி ராடு வகை, அதனால் மூன்றாவது வழியான ஏர் பிரேக். இன்ஜினிலிருந்து பெல்ட் போட்டு ஒரு கம்ப்ரஸர், காற்றுக்கு டேங்க், பிரேக் பெடலோடு சேர்த்து ஒரு வால்வு, அங்கிருந்து ஓஸ் வழியாக டிரெய்லர் ஆக்சிலில் பிரேக்கைத் தள்ளுகிற சேம்பருக்குக் காற்று. மிதிக்கிற அளவுக்கு வால்வு திறக்கிறது, அந்த அளவுக்குப் பிடிக்கிறது. பாலத்து இறக்கத்தில் முன்பெல்லாம் கொக்கியில் டங்கென்று இடிக்கும், சீட்டு வரைக்கும் அந்த அதிர்ச்சி வரும். இப்போது டிரெய்லர் சற்று முன்னதாகவே பிடித்து, பின்னால் இழுத்துக்கொண்டு வருகிற மாதிரி இருக்கிறது. அந்த ஒன்றுக்காகவே போட்ட காசு தகும்.

ஆனால் முதலில் போன கடையில் ஒற்றை ஓஸ் கிட்டைத்தான் தலையில் கட்டப் பார்த்தார்கள். ஓஸ் அறுந்தால், கொக்கி கழன்றால் என்ன ஆகும் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. மிதித்தால் மட்டும் காற்று போகிற அந்த மாதிரி ஒற்றை ஓஸ் கிட்டில், ஓஸ் அறுந்து காற்று போனால் பிரேக்கும் போய்விடும், அவ்வளவுதான். இரண்டு ஓஸ் உள்ளதில் ஒன்றில் எப்போதும் காற்று நிற்கும், அது அறுந்தால் டிரெய்லரின் சொந்த டேங்க் காற்றை விட்டு வால்வு தானாக பிரேக் பிடித்துவிடும். விலை கூடத்தான், ஆனால் ஆற்றங்கரை ரோட்டில் இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் பள்ளம் என்று ஓட்டுகிறவர்கள் இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது. பொருத்திக் கொடுத்தது வேறொரு பட்டறை. அங்கே வேலை செய்த அண்ணன் லோடு ஏற்றி ஒரு தடவை, காலி வண்டியில் ஒரு தடவை ஓட்டிக் காட்டி, நாலு டிரம்மும் ஒரே சூடாக இருக்கிறதா என்று கை வைத்துப் பார்த்து, ஒன்றில் மட்டும் பிரேக் ஷூ இறுக்கமாக இருந்ததைத் தளர்த்திய பிறகுதான் சாவியைக் கொடுத்தார். இந்த வேலையைச் செய்யாத பட்டறையில் கொடுக்காதீர்கள்.

குறை என்று சொன்னால், காலி டிரெய்லரில் அதே அழுத்தம் வந்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடுகிறது, ஈர ரோட்டில் பின்பக்கம் ஆடுகிறது. லோடு, காலி என்று மாற்றி வைக்கிற ரெகுலேட்டர் கேட்டு வாங்குங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கிளம்ப முடியாது, மீட்டரில் காற்று ஏறும் வரை நிற்க வேண்டும். டேங்கில் தண்ணீர் சேரும், நம்ம ஈரக்காற்றுக்கு நிறையவே சேரும், தினமும் அடியில் இருக்கிற குழாயைத் திறந்து விட்டாக வேண்டும். அறுவடை நேரத்தில் பக்கத்து வீட்டு டிரெய்லரை மாற்றிப் பூட்டினால் ஓஸ் முனை சேராது, அப்போது பழையபடி பிரேக் இல்லாத டிரெய்லர்தான், பாலத்தில் லோ கியரில்தான் இறங்க வேண்டும்.

அப்புறம், எந்த கிட் போட்டாலும் ரோட்டுக்கு வரும்போது இடது வலது பிரேக் பெடல் இரண்டையும் சேர்த்துக் கொக்கி போட்டுவிடுங்கள். உழவுக்குப் பிரித்ததை அப்படியே விட்டுவிட்டு ரோட்டில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால், லோடோடு வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிவிடும்.