வண்டிக்கு ஒரு தார்சா: பழைய கேரவனோடு இரண்டே முக்கால் வருஷம்

உவரியில் கப்பல் மாதா கோவிலைத் தாண்டிச் சற்றுத் தள்ளி, கடலைப் பார்க்க வண்டியை நிறுத்தியிருந்தோம். மாசி மாதக் கடைசி, மணி பதினொன்றரை. உள்ளே ஃபேன் ஓடியும் தகரம் அனலாக இறங்கியது. வெளியே நாற்காலி போட்டால் மண்டை வெந்தது. அம்மா படியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டே சொன்னாள்: "எய்யா, அடுக்களை இருக்கு, படுக்கை இருக்கு, கக்கூசு கூட இருக்கு. ஒரு தார்சா இல்லாம இது என்ன வீடு?"

வெளியூர்க்காரர்களுக்கு: தார்சா என்பது எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் தெருவாசலுக்கும் பட்டாசலுக்கும் (உள்கூடம்) நடுவில் இருக்கிற முன்கட்டு. வெயில் அடிக்காது, வீட்டுப் புழுக்கமும் இருக்காது. வந்தவரை உட்கார வைக்க, பேப்பர் படிக்க, பூக்கட்ட எல்லாம் அதுதான் இடம். கேரவன்காரர்கள் ஆனிங் என்று சொல்வதும் இதைத்தான். வண்டியின் பக்கவாட்டில் நீளமாக ஒரு பெட்டி; கைப்பிடியைச் சுற்றினால் துணி விரிந்து இரண்டு கால் இறங்கும்.

அதை மாட்டுவதா வேண்டாமா என்று ஒரு வருஷம் யோசித்தேன். பெண் பார்க்கப் போனபோது கூட இவர் இவ்வளவு யோசிக்கவில்லை என்பது என் மனைவியின் கணக்கு.

முதலில் வண்டியைப் பற்றி. 2015 மாடல் ஃபோர்ஸ் டிராவலர், 2.6 லிட்டர் டீசல். கேரளத்தில் ஒருவர் தனக்காகக் கேரவனாக மாற்றி வைத்திருந்ததை 2023 தைப்பூசம் முடிந்த வாரம் எட்டே முக்கால் லட்சத்துக்கு வாங்கினேன். அப்போது 91,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. நான் ஓட்டியது இன்னொரு 21,000. இதற்கு முன் மதுரையில் ஒரு வண்டி பார்த்தோம். உள்வேலை கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தால் இன்னும் ஆள் ஏற்றும் வேன் என்றே இருந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றினால் அதைப் பதிவு அலுவலகத்தில் முறையாக ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றாத வண்டியை வாங்கினால் விபத்து நடக்கும் நாளில்தான் இன்சூரன்ஸ்காரர் அதைக் கண்டுபிடிப்பார். கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டோம். கேரள வண்டிக்கு ஆர்.சி. சரியாக இருந்தது. தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, டி.என். 72 நம்பர் ஏறுவதற்குள் சித்திரை முடிந்துவிட்டது. அலைச்சல்தான், ஆனால் மர்மம் ஒன்றும் இல்லை.

பழைய கேரவன் பார்க்கப் போகிறவர்கள் எஞ்சினை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டுத் தண்ணீரைத் தேடுங்கள். கூரை ஜன்னலைச் சுற்றியும் பின்பக்க மூலைகளிலும் பிளைவுட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் உள்ளே ஊறியிருக்கிறது. கதவைத் திறந்ததும் ஊதுபத்தி வாசம் வந்தால் எனக்குச் சந்தேகம்தான், எதை மறைக்கிறார்கள் என்று. டயரில் பட்டன் நன்றாக இருப்பதை நம்பக் கூடாது. கேரவன் ஓடுவதை விட நிற்பதுதான் அதிகம், ரப்பர் நின்றபடியே கிழடு தட்டும். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017-இல் 23-ஆவது வாரம் செய்தது. என் வண்டியில் ஆறு வருஷம் பழசான டயர் நாலும் பார்வைக்குப் புதுசு. அதைச் சொல்லி விலையில் கொஞ்சம் குறைத்தேன்.

அடுத்தது எடை. இதை யாரும் செய்வதில்லை, எனக்கும் வாங்கிய பிறகுதான் தோன்றியது. தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, சிலிண்டர், பாத்திரம், நாங்கள் நாலு பேர் எல்லாம் ஏறி, நெல் லாரிகளுக்கு நடுவே வரிசையில் நின்று எடைமேடையில் ஏற்றினோம். ஆர்.சி.யில் போட்டிருந்த மொத்த எடைக்கு இன்னும் 160 கிலோதான் பாக்கி. மேடைக்காரர், "என்ன சார் லோடு?" என்றார். "குடும்பம்" என்றேன்.

இந்த 160 கிலோவில்தான் ஆனிங்கும் உட்கார வேண்டும். ஃபியாமா, துலே மாதிரி ஐரோப்பியப் பெட்டி ஆனிங் மூன்று மீட்டர் நீளத்துக்கு 20 கிலோவைத் தாண்டிவிடும், அதுவும் உச்சியில், ஒரே பக்கத்தில். விலை கேட்டேன். கப்பல் கூலி, சுங்கம், மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல். சரி, முதலில் நிழல் நமக்கு எவ்வளவு தேவை என்று பார்ப்போம் என்று ஒரு லாரிப் படுதாவையும் இரண்டு மூங்கிலையும் ஏற்றிக்கொண்டேன்.

அந்தப் படுதா தந்த பாடம் இலஞ்சியில். 2023 ஆடி, குற்றாலத்தில் நல்ல சீசன், சாரல் விழுந்துகொண்டிருந்தது. சொந்தக்காரர் தோப்பில் வண்டியைப் போட்டு, கூரைக் கம்பியில் படுதாவைக் கட்டி, முன்னால் மூங்கிலை ஊன்றிவிட்டு அருவிக்குப் போனோம். (தென்னைக்கு நேர் கீழே நிறுத்தாதீர்கள். நிழல் மட்டுமா விழும், மட்டையும் விழும்.) திரும்பி வந்து பார்த்தால் படுதா வண்டியின் மேலே புரண்டு மறுபக்கம் தொங்குகிறது. மூங்கில் கூரை ஜன்னலை உடைத்துவிட்டு மெத்தையில் படுத்திருக்கிறது.

வெட்கக்கேடு என்னவென்றால், நான் பணகுடிப் பக்கம் 22 வருஷம் காத்தாடி, அதாவது காற்றாலைப் பராமரிப்பில் இருந்தவன். தென்மேற்குக் காற்று மலையைத் தாண்ட வழி தேடி ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பிதுங்கி வருகிறது. அதை நம்பித்தான் முப்பந்தலிலும் கயத்தாறிலும் காத்தாடி நட்டார்கள். குற்றாலச் சாரலும் அதே காற்று கொண்டுவருவதுதான். அப்படிப்பட்ட வாசலில் உட்கார்ந்து படுதா விரித்திருக்கிறேன். அன்று ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். மூன்றுக்கு இரண்டு மீட்டர் துணி, ஆறு சதுர மீட்டர். நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று அதன் மேல் நேராக அடித்தால் ஏறத்தாழ 37 கிலோ தள்ளும். காற்று இரட்டித்தால் தள்ளு நாலு மடங்கு. 150 கிலோவை நெருங்கிவிடும். இலட்ச ரூபாய்ப் பெட்டி என்றாலும் இந்தக் கணக்கு மாறாது. அதைச் செய்கிறவர்களே காற்று எழுந்தால் சுருட்டிவிடு என்றுதான் சொல்கிறார்கள். சுருட்ட நாம் பக்கத்தில் இருக்க வேண்டுமே.

மழைக்கும் இதே கதை. ஆறு சதுர மீட்டரில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 60 லிட்டர், அதாவது 60 கிலோ. துணி சமமாக இருந்தால் நடுவில் தொட்டி கட்டிக் கால் மடங்கும். ஒரு காலை நன்றாகத் தாழ்த்தி ஒரு மூலை வழியாக வடிய விட வேண்டும்.

பெட்டி ஆசை முழுக்கப் போனது அந்த டிசம்பரில். 2023 டிசம்பர் 17, 18 மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். பாளையங்கோட்டையில் எங்கள் தெரு மேடு என்பதால் தண்ணீர் ஏறவில்லை, ஆனால் கரண்ட் இல்லை. வண்டியின் பேட்டரியில்தான் தெருவுக்கே செல்போன் சார்ஜ். கேரவன் வாங்கியதற்குச் சிரித்தவர்களெல்லாம் டம்ளரில் காப்பியோடு படியேறி வந்தார்கள். அதே மழையில் பின்பக்க இடது மூலை ஒழுகியது. பிரித்துப் பார்த்தால் முந்தைய ஆள் எதற்கோ போட்டுப் பிறகு அடைத்த நாலு ஸ்குரூத் துளை, சுற்றிலும் துரு.  தகரத்தில் போடுகிற ஒவ்வொரு துளையும் பின்னால் வரப்போகிற ஒழுக்குதான். பெட்டிக்காக வரிசையாகத் துளை போட மனசு வரவில்லை.

நம் ஊர்ச் சாலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கதவு இடப்பக்கம், ஆகவே பெட்டியும் இடப்பக்கம். நாம் ஒதுங்குவதும் இடப்பக்கம். எதிரே பஸ் வந்து நீங்கள் புளியமரத்துக் கிளையை உரசி ஒதுங்கும்போது முதலில் அடி வாங்குவது அந்தப் பெட்டிதான்.

என் மனைவியின் தம்பிக்குப் பந்தல் தொழில். அவனிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அத்தான், வண்டியே ஒரு சுவருல்லா? எந்தப் பக்கம் திருப்பி நிறுத்துதீங்க?" என்றான். அதுவரை வசதியாகத் தெரிந்த பக்கம்தான். யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டதில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. மூக்கைத் தெற்கே பார்க்க நிறுத்தினால் கதவு கிழக்கே வரும். சாயங்கால வெயிலை வண்டியே மறைக்கும், மேல்காற்றையும் முதுகில் வாங்கிக்கொள்ளும். நாலு மணிக்கு மேல் நிழல் இலவசம். காலை வெயில் வரும்தான், அதில் உட்கார்ந்தால் உடம்புக்கு நல்லது என்று அம்மா சொல்லிக்கொள்கிறாள்.

மிச்சம் இருப்பது உச்சிவெயில். திருநெல்வேலியில் சித்திரை பிறக்கும் சமயத்தில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். வண்டியை எப்படித் திருப்பினாலும் பதினொன்றிலிருந்து இரண்டு வரை எந்தப் பக்கமும் நிழல் கிடையாது. அந்த மூன்று மணி நேரத்துக்கும், அதுவும் மாசி தொடங்கி வைகாசி வரைக்கும் மட்டும் ஒரு கூரை வேண்டும். ஆனி முதல் ஆவணி வரை காற்று விடாது, ஐப்பசி கார்த்திகை மழை.

இதற்கு 2024 மாசியில் நாங்கள் செய்தது: கதவுக்கு மேலே மூன்று மீட்டர் அலுமினியச் சேனல் (நீளவாக்கில் பள்ளம் ஓடுகிற பட்டை), முன்கண்ணாடி ஒட்டுகிற பாலியூரித்தேன் பசையில், துளையே போடாமல் ஒட்டினோம். துணிக்குப் பதிலாக நர்சரியில் கட்டுகிற பச்சை நிழல்வலை, 75 சதவீதம் வெயிலை மறைப்பது. லாரிப் படுதா தைக்கிறவர் அதன் ஒரு விளிம்பில் நைலான் கயிற்றை உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தார். கயிறு சேனலுக்குள் சறுக்கி நுழையும். முன்னால் இரண்டு அலுமினியக் கால், நாலு கயிறு. மொத்தம் 7,400 ரூபாய், அஞ்சு கிலோவுக்குள். வலை என்பதால் காற்று ஓரளவு ஊடே போய்விடுகிறது. மழை நிற்காது என்பது உண்மை. அதற்குக் கதவுக்கு மேல் மட்டும் ஒரு மீட்டர் கான்வாஸ் துண்டு, அதே சேனலில்.

உவரி மணலில் முளைக்குச்சி நிற்கவே நிற்காது. மச்சினன் சொன்ன வழி: சாக்கில் மணலை நிரப்பி, கழுத்தில் கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதைத்து மூடிவிடு. யானை இழுத்தாலும் வராது என்றான். யானையை வைத்துப் பார்க்கவில்லை; கடற்காற்றுக்கு இரண்டு கோடையாக அசையவில்லை. கட்டும்போது முதலில் கயிறு, அப்புறம் துணி. அவிழ்க்கும்போது முதலில் துணி. இதில் மாறினால் அவன் கோபிப்பான்.

பெட்டி ஆனிங் வீண் என்று சொல்ல மாட்டேன். வருஷம் நூறு நாள் வெளியே தங்குகிறவர், ஒரே ஆளாக ஐந்து நிமிஷத்தில் விரிக்க வேண்டும் என்கிறவர், எடையில் இடம் இருக்கிறவர் போடலாம். எங்களுக்கு வருஷத்துக்கு முப்பது நாள், கூடன்குளமும் உவரியும் களக்காடும்தான் எல்லை. புலிகள் காப்பகத்துக்குள் எப்படியும் ராத்தங்க விடமாட்டார்கள், சோதனைச்சாவடியில் நேரம் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான்.

ஒரே ஒரு தொந்தரவு. வலையைக் கழற்றி வைத்திருக்கும் மாதங்களில் சேனலின் இரண்டு முனையையும் அடைத்து வையுங்கள். போன புரட்டாசியில் வலையை நுழைக்கப் போனால் பாதியில் நிற்கிறது. குளவி உள்ளே வரிசையாக மண்கூடு கட்டியிருக்கிறது. சைக்கிள் போக்ஸ் கம்பியால் குத்தி எடுக்க ஒரு மத்தியானம் போயிற்று.