மலையேறுனா அணையற கேஸ் ஃபிரிட்ஜ்: 1,85,000 ரூபாய் போச்சுங்க

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் வேனை கேரவனா மாத்தலாம்னு இருக்கறவங்க இதைப் படிச்சுட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க. வயிறு எரியுது. கேஸ்ல ஓடற ஃபிரிட்ஜ், கேஸ் கீசர், ரெண்டுக்கும் சேர்த்து 1,85,000 ரூபாய். பேரைப் போடலை. கோவைப் பக்கம் வேனுக்கு உள்வேலை செய்யற பட்டறை, ரீல்ஸ் போட்டு ஆள் பிடிக்கறவங்க.

பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணுதான் கேட்டேன். "ஏனுங்ணா, ஊட்டிக்கு ஏறுனா இது ஓடுமுங்களா?" அவரு இளநி வெட்டிக் கையில குடுத்துட்டு, பட்டனை அமுக்கி பர்னரைப் பத்தவச்சாரு. சுத்தமான நீலம், ஒரு ஆட்டம் இல்லை. "ஊட்டி என்னங்க ஊட்டி, லடாக்குக்கே ஓட்டிட்டுப் போங்க. ஏதாச்சும்னா ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்புடுங்க, நானிருக்கறேன்"னாரு. அங்கயே நின்னு மொத்தப் பணத்தையும் அனுப்பிட்டேன்.

ஊட்டியில ராத்திரி பூரா டிக் டிக்னு பொறி தட்டுது, பத்துது, அணையுது, மறுபடி டிக் டிக். (பால் கெடலை. அது குளிர் பண்ண புண்ணியம், ஃபிரிட்ஜ் பண்ணதில்லை.) காலையில கீசரைப் போட்டா ஜுவாலை மஞ்சளா நீளுது. மேல இருந்த புது வெள்ளைப் பலகையில விரலை வச்சா மை மாதிரி கரி. கொஞ்ச நேரத்துல அம்மாவுக்குத் தலை கனம், குமட்டல். அணைச்சுட்டு, கதவைத் தொறந்து வெளிய உக்கார வச்சப்பறம்தான் தெளிஞ்சாங்க. கேஸ் கசிஞ்சாலாவது நாத்தம் வரும். சரியா எரியாத கேஸ்ல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது, ஆளையே கொன்னுரும்.

ஊட்டி 2,240 மீட்டர் உசரம், அதாவது கிட்டத்தட்ட 7,350 அடி. கீழ இருக்கற காத்துல கிட்டத்தட்ட கால்வாசி அங்க குறைவு. ஜெட் (பர்னருக்குக் கேஸ் வர்ற சின்ன ஓட்டை) மட்டும் அதே அளவு கேஸைத் தள்ளுது, எரியக் காத்து பத்தலை. உசரத்துக்குத் தகுந்த மாதிரி சின்ன ஜெட் போடணும், ஆயிரம் அடிக்கு 4 சதவீதம் கேஸைக் குறைக்கறதுதான் பொதுக்கணக்கு. ஃபிரிட்ஜோட கையேட்டுலயே 5,500 அடிக்கு மேல பர்னர் அணையலாம், கரண்ட்டுல ஓட்டுங்கன்னு இருக்குது. அந்தக் கையேட்டை எங்கிட்டக் குடுக்கவே இல்லை, நானா தேடி எடுத்தேன்.

அந்த ரெண்டு மணி ஆசாமி? மொதல்ல "சிலிண்டர்ல கேஸ் கம்மிங்க." அப்புறம் "வண்டியைச் சமமா நிறுத்தியிருக்க மாட்டீங்க." அப்புறம் "ரெகுலேட்டரை மாத்துங்க." மாத்துனேன், அதே கதை. கீழ வந்து பட்டறையில நிறுத்துனா, பத்தவச்சுக் காட்டிச் சிரிக்கறாரு: "நல்லாத்தானுங்களே எரியுது!" கீழ எரியத்தானய்யா செய்யும்! பணத்தைக் கேட்டா, "நாங்க மாட்டறதோட சரி, வாரண்டி கம்பெனிகாரங்க பாடு." இப்ப என் நம்பரையே பிளாக் பண்ணிட்டாங்க. 1,85,000 ரூபாய்!

என்னென்ன பார்த்து வாங்கணும்னு விவரமா எழுதலாம்னுதான் உக்காந்தேன், கை நடுங்குது. எத்தனை அடி வரைக்கும் ஓடும்னு பில்லுலயே எழுதி வாங்குங்க. கரண்ட்டுலயும் ஓடற ஃபிரிட்ஜா பாருங்க. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாம வண்டிக்குள்ள படுக்காதீங்க. ஜுவாலை மஞ்சளாச்சுன்னா உடனே அணைங்க, ஜெட்டை நீங்களா நோண்டாதீங்க. முழுப் பணத்தையும் முன்னாடியே குடுத்தராதீங்க. நான் நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் குடுத்தாச்சு, அடுத்தது நுகர்வோர் கோர்ட்டுதான். இதே பட்டறையில மாட்டிக்கிட்டவங்க இருந்தா உள்பெட்டிக்கு வாங்க.