பக்கம் ஒன்று, கணக்கு மூன்று

டேட்டாபேஸில் ஒரு டேபிளில் ஒரே ஒரு வரியை அப்டேட் செய்கிறோம். மாறியது நூறு பைட்கூட இருக்காது. இண்டெக்ஸ், அன்டூ (பழைய மதிப்பின் பதிவு) வகையறாவை ஒதுக்கிவிட்டு, அந்த வரி இருக்கும் பக்கத்தை மட்டும் பார்ப்போம். பக்கம் என்றால் டேட்டாபேஸ் ஒரே மூச்சில் படித்து எழுதும் தரவுத் துண்டு. போஸ்ட்கிரெஸும் ‘ஒரு பக்கம் எழுதினேன்’ என்கிறது, மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியும் அதையேதான் சொல்கிறது. ஆனால் டிஸ்க்குக்குப் போனது ஒரே அளவு இல்லை.

போஸ்ட்கிரெஸ் பக்கம் வழக்கமாக 8 கேபி, இன்னோடிபியில் 16 கேபி. இது பலருக்கும் தெரிந்ததுதான்; சிக்கல் அதற்கப்புறம். பாதி எழுதும்போது மின்சாரம் போனால் பக்கம் சிதைந்துவிடும். அதற்குப் பயந்து இன்னோடிபி ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் டபுள்ரைட் பகுதியில் எழுதி, பிறகு உரிய இடத்தில் எழுதுகிறது. ஆக 32 கேபி. ‘பேஜஸ் ரிட்டன்’ (எழுதிய பக்கங்கள்) கவுண்ட்டரில் ஏறுவது ஒன்றுதான். மற்றதை டபுள்ரைட்டுக்கான தனிக் கவுண்ட்டரில் தேட வேண்டும். போஸ்ட்கிரெஸ் அதே பயத்தை வேறு விதமாகத் தீர்க்கிறது: செக்பாயிண்ட் (நினைவகத்தில் மாறிய பக்கங்களை டிஸ்க்கில் இறக்கும் வேலை) தொடங்கிய பிறகு ஒரு பக்கம் முதன்முறை மாறும்போது முழுப் பக்கத்தையும் வால் லாகில், அதாவது மாற்றங்களை முன்கூட்டியே பதியும் லாகில், போட்டுவைக்கிறது. செக்பாயிண்ட் அடிக்கடி நடந்தால் லாக் வீங்கும். பக்கக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

‘எழுதினேன்’ என்பதற்கும் அர்த்தம் வேறு. போஸ்ட்கிரெஸ் பொதுவாக பக்கத்தை இயங்குதளத்தின் கையில் கொடுத்ததுமே ஒன்று கூட்டிக்கொள்ளும். டிஸ்க்கில் உறுதியாக இறங்குவது பின்னால் வரும் எஃப்சிங்க்கில் (‘இப்போதே டிஸ்க்கில் இறக்கு’ என்ற கட்டளை). இன்னோடிபியை ஓ-டைரக்ட் முறையில் ஓட்டினால் இயங்குதளத்தின் நினைவக கேஷ் நடுவில் வராது.

ஆனாலும் ‘யார் எழுதியது?’ என்ற கேள்விக்கு என் ஓட்டு போஸ்ட்கிரெஸுக்கே. 16ஆம் பதிப்பில் வந்த ‘பிஜி ஸ்டாட் ஐஓ’ என்ற புள்ளிவிவரப் பட்டியல், செக்பாயிண்ட்டர், பேக்ரவுண்ட் ரைட்டர் (பின்னணியில் எழுதுபவர்), கிளையன்ட் பேக்எண்ட் (நம் குவெரியை ஓட்டும் ப்ராசஸ்) என்று ஆள்வாரியாகப் பிரித்துக் காட்டும். கிளையன்ட் பேக்எண்ட் வரிசையில் சாதாரண எழுத்துகள் எகிறினால், நினைவகத்தில் பக்கம் வைக்கக் காலி இடம் (பஃபர்) கிடைக்காமல், மாறியும் இன்னும் டிஸ்க்குக்குப் போகாத அழுக்குப் பக்கங்களைக் குவெரியே கழுவிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வெறுமனே வாசிக்கும் செலக்ட் குவெரியின் எக்ஸ்பிளெய்னில் (குவெரி ஓடிய விதத்தைக் காட்டும் அறிக்கை) ‘ரிட்டன்’ (எழுதியது) வந்து பலரைத் திகைக்க வைப்பதும் இதனால்தான்: வேறு யாரோ மாற்றிவைத்த பக்கத்தை அது எழுதிக் கொடுத்திருக்கும்.

இன்னோடிபியில் இன்னொரு பொறி, ‘பஃபர் பூல் ரைட் ரெக்வெஸ்ட்ஸ்’. எண் மிரட்டும், ஆனால் அது நினைவகத்தில் நடந்த மாற்றங்களின் கணக்கு.

மூன்றாவதான மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வரோ பெயரிலேயே குழப்பும். ‘பேஜ் ரைட்ஸ் பெர் செகண்ட்’ என்று டிஎம்வியில் (சர்வரின் நிலையைக் காட்டும் உள் பட்டியல்) கிடைப்பது விநாடிக் கணக்கே அல்ல, கூடிக்கொண்டே போகும் மொத்தம். இரண்டு முறை எடுத்து, கழித்து, இடைவெளி விநாடிகளால் வகுக்க வேண்டும். குவெரியின் டிஸ்க் வேலையைக் காட்டும் ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஐஓ’ வாசிப்பை மட்டுமே சொல்லும், எழுத்தைப் பற்றி வாயே திறக்காது. ஆனால் கோப்புவாரிக் கணக்கு அருமை. தற்காலிகத் தரவுக்கான டெம்ப்டிபி எவ்வளவு எழுதுகிறது என்று தனியாகப் பார்க்க முடிகிறதே, அதற்காகவே மற்றதை மன்னித்துவிடலாம்.