கல்லடி மணலில் ஒரு பை மண்புழுப் பசளை

மட்டக்களப்புக் கல்லடியில் வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எங்கள் வளவில் இரண்டு அடி தோண்டினாலும் வெளிறிய மணல்தான் வருகிறது. காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்குள் கீழே இறங்கிவிடுகிறது. இட்ட பசளையில் கரையக்கூடியதெல்லாம் அதனோடு போய்விடுகிறது. இந்த மணலில் கத்தரியும் மிளகாயும் பயற்றையும் வளர்த்துவரும் நான், ஆரையம்பதிப் பக்கத்தில் வீட்டின் பின்புறம் சீமெந்துத் தொட்டிகளில் மண்புழு வளர்க்கும் ஒரு குடும்பத்தாரிடம் பசளை வாங்கி, இரண்டு போகம் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். பத்துக் கிலோப் பை ஒன்றுக்கு 1,000 ரூபாய் கொடுத்தேன்.

பையில் கட்டி வரும் சேதனப் பசளை என்றாலே எனக்குத் தயக்கம் உண்டு. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை விலக்கப்படும்வரை இருந்த தட்டுப்பாட்டில் நான் வாங்கிய ஒரு பைக்குள் பாதி உக்கிய குப்பையும் பொலித்தீன் துண்டுகளும் போத்தல் உடைவுகளும் கிடந்தன. ஆகவே இந்தப் பையையும் முற்றத்தில் சாக்கு விரித்துக் கொட்டி, கையால் அளைந்து பார்த்தேன். ஈரத் தேயிலைத்தூள் போன்ற கருங்கபில நிறக் குறுணிகள். சாண வாடை சிறிதும் இல்லை, முதல் மழை பெய்த மண்ணின் மணம்தான் இருந்தது. ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நின்றது, விரலால் தொட்டதும் உதிர்ந்தது, விரலிடுக்கில் நீர் கசியவில்லை. கடுகைவிடச் சற்றுப் பெரிய, எலுமிச்சம்பழ வடிவிலான இளமஞ்சள் முட்டைக்கூடுகள் சிலவும் அகப்பட்டன. கொதிக்கும் வெயிலில் காயப்போடாமல் நிழலில் அரித்தெடுத்திருக்கிறார்கள் என்பதற்கு அவையே எனக்குப் போதுமான சான்றாக இருந்தன.

‘தின்னவேலி ஊதா’ என்ற இனக் கத்தரி நாற்றுகளை இரண்டு பாத்திகளில் நட்டேன். ஒன்றுக்கு வழமைபோல ஆட்டெரு மட்டும் இட்டேன். மற்றதில் அதே அளவு ஆட்டெருவோடு ஒவ்வொரு குழிக்கும் இரண்டு பிடி மண்புழுப் பசளையையும் மணலோடு கலந்து இட்டு, பிறகு மாதம் ஒருமுறை வேரடியில் ஒரு பிடி தூவி, காய்ந்த இலைகளால் மூடிவந்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து வேறுபாடு தெரிந்தது. முதற்பாத்தியில் நண்பகல் ஒரு மணிக்கே இலைகள் தொங்கிவிட, இரண்டாவது பாத்திச் செடிகள் மாலைவரை நிமிர்ந்து நின்றன. இரண்டு நேரம் தண்ணீர் ஊற்றிய இடத்தில் ஒரு நேரம் போதுமானதாயிற்று. புழுவின் குடலில் அரைபட்டு, அதன் பசைத்தன்மையால் பிணைந்து வெளிவரும் அந்தக் குறுணிகள் நீரையும் ஊட்டத்தையும் பிடித்துவைப்பதே இதற்குக் காரணம். களிமண் வயல் வைத்திருப்பவருக்கு இது பெரிதாகத் தோன்றாமல் இருக்கலாம். எங்கள் கரையோர மணலுக்கோ இதைவிட வேண்டியது வேறொன்றில்லை.

யூரியா போட்ட நாலாம் நாள் காணும் கரும்பச்சையை இதில் எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாறுவார். மண்புழுப் பசளையில் நைதரசன் பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வீதமே உண்டு. ஒன்றரை வீதம் என்று கொண்டாலும் பத்துக் கிலோவில் 150 கிராம்தான் வரும். 46 வீதம் நைதரசன் கொண்ட யூரியாவில் அது முந்நூற்றுச் சொச்சம் கிராமுக்குச் சமம். ஆகவே ஆட்டெருவையோ மாட்டெருவையோ நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்புவது கட்டுப்படியாகாது. பாத்தி முழுவதும் வாரி இறைப்பதும் வீண்; வேர் இருக்கும் இடத்தில் பிடி கணக்கில் இடுவதே இந்த விலைக்குத் தகும். நாற்றுமேடைக்கு மூன்று பங்கு தும்புத்தூளும் ஒரு பங்கு பசளையுமாகக் கலந்ததில் மிளகாய் விதைகள் சீராக முளைத்தன. தனிப் பசளையில் மட்டும் இட்ட விதைகள், அது இறுகிப்போனதால், நன்றாக வரவில்லை.

குறைகளும் உண்டு. மிளகாயின் இலைச்சுருள் இதனால் தீரும் என்று விற்பவர் உறுதியாகச் சொன்னார், தீரவில்லை. பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் வெண்ஈ பரப்பும் வைரசும் உண்டாக்குகிற நோயைப் பசளை எப்படித் தீர்க்கும்? செடி வலுவாக இருந்தால் தாங்கும் என்று சொல்லியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். அடுத்ததாக, ஒரு பையிலிருந்து புல் நிறைய முளைத்தது. கூட்டெருக் குவியல் சூடேறுவதுபோல் புழுத்தொட்டி சூடேறுவதில்லை; சூடேறினால் புழு செத்துவிடும். அதனால் மாடு தின்ற புல்லின் விதை சாணத்தில் உயிரோடு தங்கிவிடுகிறது. சாணத்தை முதலில் குவித்துச் சூடேற்றி ஆறவிட்ட பிறகே தொட்டியில் இடும்படி சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், அடுத்த பையில் புல் குறைந்திருந்தது.

பசளையோடு வரும் புழுக்கள் தோட்டத்தில் பெருகுமா என்று அயலவர்கள் கேட்கிறார்கள். இவை மேற்பரப்பில் உக்கும் குப்பையில் வாழும் இனம். ஆழ மண்ணைத் துளைத்து வாழும் நாட்டுப் புழுக்கள் அல்ல. வெறும் மணலில் தங்கமாட்டா, ஈரமான இலைமூடல் இருக்கும் இடத்தில் மட்டும் சில நாள் தென்படும்.

கடைசியாக வாங்கிய பை மார்கழி மழையில் வந்தது. கையால் இறுக்கியபோது நீர் வழிந்தது. பத்துக் கிலோவில் எவ்வளவு தண்ணீருக்குக் காசு கொடுத்தேன் என்பதை எண்ணி மனம் வருந்தினேன். திருப்பிக் கொடுத்தபோது மறுபேச்சின்றி மாற்றித் தந்தார்கள், அந்த நேர்மைக்காகவே தொடர்ந்து அவர்களிடம் வாங்குகிறேன். இனி ஐப்பசி மழை தொடங்கும் முன்னரே மூன்று பை வாங்கி, காற்றுப் புகும் உரப்பையில் கட்டி, குசினித் தாழ்வாரத்தின் நிழலில் வைத்துவிடுவதாக இருக்கிறேன்.